ஒலிம்பிக் தங்கம் இல்லாத உலக வீராங்கனை: பினாங்கின் நிக்கோல் டேவிட்



சில ஆண்டுகளுக்கு முன் படிவம் ஐந்து மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, 'நான் போற்றும் மலேசிய விளையாட்டாளர்'. ஒரு மாணவியின் தாளில் நல்ல கையெழுத்து, நல்ல நடை. இரண்டாம் பத்தியில் இப்படி ஒரு வரி: "நிக்கோல் டேவிட் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்று நாட்டுக்குப் பெருமை சேர்த்தார்." சிவப்பு மையால் வட்டமிட்டேன். அடுத்த தாளிலும் அதே கருத்து. அதற்கடுத்த தாளிலும்!

மறுநாள் வகுப்பில் கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "உலகத்துலயே முதல் இடம்னா ஒலிம்பிக்ல ஜெயிச்சிருப்பாங்கதானே, டீச்சர்?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால், 'ஜெயிச்சிருப்பாங்க' என்பது ஊகம். ஊகத்தை நடந்ததாக எழுதினால் அது வரலாறு ஆகாது.

உண்மை என்ன தெரியுமா? நிக்கோல் டேவிட் ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. எட்டு முறை உலக வெற்றியாளர், ஒன்பது ஆண்டு உலகின் முதல்நிலை ஆட்டக்காரர். ஆனாலும் ஆடியதில்லை. ஏன்? அந்த ஒரு 'ஏன்' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நம்ம ஊர்ப் பெண் ஒருவரின் விளையாட்டு வாழ்க்கை முழுவதும் நமக்கு விளங்கும். வாருங்கள், பார்ப்போம்.

ஆட்டமும் அதன் வரலாறும்

கூடைப்பந்தில் ஒருவர் சோர்ந்தால் மீதி நால்வர் தாங்குவார்கள். பயிற்றுநர் ஆளை மாற்றலாம். ஸ்குவாஷில் அந்த வசதி இல்லை. நான்கு சுவர்களுக்குள் இரண்டு பேர், ஒரு சிறிய ரப்பர் பந்து. ஒருவர் முன்சுவரில் அடிக்கும் பந்து தரையில் இரண்டாம் முறை படுவதற்குள் மற்றவர் அதைத் திருப்பி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆனால், ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

இந்த ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் உருவானது. பிரிட்டிஷ் படையினரும் அதிகாரிகளும் தாங்கள் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் இதைக் கொண்டுபோனார்கள். ஆடுகளங்கள் அவர்களுடைய கிளப்புகளில் இருந்தன. உள்ளூர் மக்களுக்கு அங்கே வேலை உண்டு, ஆட்டம் இல்லை. பெஷாவரில் அப்படி ஒரு கிளப்பில் பந்து பொறுக்கிப் போட்ட சிறுவன்தான் ஹாஷிம் கான். அவர் 1951-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். அதன்பின் பல பத்தாண்டுகள் ஆண்கள் ஸ்குவாஷில் பாகிஸ்தான் கொடிகட்டிப் பறந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு விளையாட்டு யார் கைக்குப் போகிறது என்பது திறமையால் மட்டும் முடிவாவதில்லை. ஆடுகளத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதும் ஒரு காரணம். இந்தக் 'கதவு' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜோர்ஜ்டவுனில் தொடக்கம்

நிக்கோல் என் டேவிட் 1983 ஆகஸ்டு 26-இல் பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் பிறந்தார். தந்தை டெஸ்மண்ட் அமர்நாத் டேவிட் இந்திய வம்சாவளியினர், பொறியியலாளர், விளையாட்டாளர். தாயார் என் மேரி சீன வம்சாவளியினர், பள்ளி ஆசிரியை. மூன்று பெண் பிள்ளைகளில் நிக்கோல் கடைக்குட்டி. அக்காமார் லியன், செரில் இருவரும் ஸ்குவாஷ் ஆடியவர்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தங்கை ராக்கெட் பிடித்தாள் என்பது எந்த வீட்டிலும் நடக்கிற கதைதானே?

படித்தது கிரீன் லேன் கான்வென்ட் பள்ளியில். பயிற்சி புக்கிட் டும்பாரில் உள்ள ஸ்குவாஷ் மையத்தில். அதே மையம் இன்று நிக்கோல் டேவிட் அனைத்துலக ஸ்குவாஷ் மையம் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குளுகோர் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நிக்கோல் பிறவித் திறமையால் உயர்ந்தார்" என்று ஒரே வரியில் காரணத்தை முடித்துவிடாதீர்கள். இந்தச் சிறிய மாநிலத்திலிருந்து வந்தவர் அவர் ஒருவர் மட்டுமா? 1980-இல் பிறந்த ஓங் பெங் ஹீ 1998-இல் உலக இளையோர் பட்டம் வென்றார்; பின்னர் உலகத் தரவரிசையில் ஏழாம் இடம் வரை வந்தார். 1990-இல் பிறந்த லோ வீ வெர்ன் பெண்கள் பிரிவில் ஐந்தாம் இடம் வரை உயர்ந்தார். இருவரும் பினாங்கு மண்ணின் பிள்ளைகள். பத்தாண்டு இடைவெளிக்குள் பிறந்த மூன்று பேர் உலகின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார்கள் என்றால், அங்கே ஆடுகளமும் பயிற்றுநரும் பள்ளியும் குடும்பமும் ஒன்றுசேர்ந்து வேலை செய்திருக்கின்றன என்றுதான் பொருள். வரலாற்றில் இதைத்தான் பன்முகக் காரணங்கள் என்கிறோம்.

1998-இல் இரண்டு நல்ல திருப்பங்கள் அமைந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஸ்குவாஷ் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. டிசம்பரில் பேங்காக் ஆசியப் போட்டியிலும் அப்படியே. பதினைந்து வயது நிக்கோல் பேங்காக்கில் ஒற்றையர் தங்கம் வென்றார். நம்ம பள்ளிக் கணக்கில் படிவம் மூன்று மாணவி!

1999-இல் உலக இளையோர் பட்டம். 2001-இல் மீண்டும் அதே பட்டம், இந்த முறை சொந்த ஊரான பினாங்கிலேயே. இளையோர் பட்டத்தை இருமுறை வென்ற முதல் பெண் அவர்தான்.

தொழில்முறை என்றால் என்ன?

2000-ஆம் ஆண்டில் நிக்கோல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அதே ஆண்டு பின்லாந்தில் முதல் பட்டமும் வந்தது. தொழில்முறை என்றால் பணத்துக்கு ஆடுவது என்று மட்டும் நினைக்கிறோம். அதைவிடக் கடினமான பகுதி வேறு. உலகத் தரவரிசை கடந்த ஓராண்டின் போட்டிகளில் பெற்ற புள்ளிகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போன வருடம் வென்ற புள்ளி இந்த வருடம் கழிந்துவிடும். ஆகவே வென்ற இடத்தையே திரும்பத் திரும்ப வெல்ல வேண்டும். எஸ்.பி.எம். தேர்வை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

பெரியவர்களின் களம் அவருக்கு உடனே வசப்படவில்லை. 2002-இல் பூசான் ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார். பதினைந்து வயதில் தங்கம் வென்றவர் பத்தொன்பது வயதில் வெள்ளியோடு வந்தால் ஊர் என்ன பேசும்? நமக்குத் தெரியாததா!

இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கையின் பெரிய முடிவு வருகிறது. வீட்டையும் ஊரையும் விட்டு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போய், லிஸ் இர்விங் என்ற பயிற்றுநரிடம் சேர்ந்தார். ஆஸ்திரேலியரான லிஸ் ஒரு காலத்தில் உலகின் இரண்டாம் நிலை ஆட்டக்காரர். பினாங்கு கொடுத்த அடித்தளத்தின்மேல் ஆம்ஸ்டர்டாமில் மேல்மாடி எழுந்தது. 2005-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம். அதே ஆண்டு ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவின் ரேச்சல் கிரின்ஹாமை வென்று முதல் உலகப் பட்டம். 2006 ஜனவரியில் உலகத் தரவரிசையில் முதலிடம்.

108 மாதங்கள்

இடையில் சில மாதம் அந்த இடத்தை இழந்தாலும் அதே 2006-இல் மீட்டுக்கொண்டார். பிறகு 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் யாரும் அவரை அங்கிருந்து இறக்க முடியவில்லை. ஒன்பது ஆண்டுகள்! ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை படிவம் மூன்றை முடிக்கும் காலம்.

இந்த 108 மாதங்களும் வெற்றிகளால் மட்டும் நிறைந்தவை என்று எண்ண வேண்டாம். 2007 உலகப் போட்டியில் முதல்நிலை ஆட்டக்காரராகப் போனவர் தொடக்கச் சுற்றுகளிலேயே நியூசிலாந்தின் ஷெல்லி கிட்சனிடம் தோற்று வெளியேறினார். மறு ஆண்டு 2008-இல் திரும்பி வந்து வென்றார். பிறகு 2009, 2010, 2011, 2012 என்று வரிசையாக வென்றார். 2011-இல் வென்ற ஆறாவது பட்டம், ஆஸ்திரேலியாவின் சாரா ஃபிட்ஸ்ஜெரால்டு வைத்திருந்த ஐந்து பட்டச் சாதனையை முறியடித்தது. 2008-இல் பினாங்கு மாநிலம் அவருக்கு டத்தோ விருது வழங்கியது.

"அப்படியானால் வரலாற்றிலேயே தலைசிறந்த ஸ்குவாஷ் வீராங்கனை இவர்தானா?" என்று வகுப்பில் கேட்பார்கள். அவசரப்படாமல் சான்றுகளை ஒப்பிடச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் ஹெதர் மெக்கே 1962 முதல் 1977 வரை தொடர்ந்து 16 முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்றவர். அவர் காலத்தில் பெண்களுக்கான உலகப் போட்டி வேரூன்றியிருக்கவில்லை. இவ்வளவு நாடுகளும் போட்டியில் இல்லை. காலம் வேறு, களம் வேறு. இரு பக்கச் சான்றையும் எடைபோட்டு முடிவு சொல்பவருக்குத்தான் முழு மதிப்பெண்.

2014: ஒரே ஆண்டில் இரண்டு உலகப் போட்டிகள்

தேர்வு மாணவர்கள் தடுமாறும் இடம் இது. 2013-ஆம் ஆண்டுக்குரிய உலகப் போட்டி உண்மையில் நடந்தது 2014 மார்ச்சில். 2014-க்குரிய போட்டி நடந்தது அதே ஆண்டு டிசம்பரில். ஆகவே சில நூல்கள் ஓர் ஆண்டையும் சில நூல்கள் வேறோர் ஆண்டையும் குறிப்பிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மார்ச் போட்டி எங்கே நடந்தது? பினாங்கில். தன் ஊரில், தன் மக்கள் முன்னிலையில் உலகப் பட்டம் வெல்ல ஒரு விளையாட்டாளருக்கு வாழ்நாளில் எத்தனை முறை வாய்ப்புக் கிடைக்கும்? ஆனால், அரையிறுதியில் பதினெட்டு வயதே ஆன எகிப்தின் நூர் எல் ஷெர்பினியிடம் நிக்கோல் தோற்றார். பட்டம் இங்கிலாந்தின் லாரா மசாரோவுக்குப் போனது. அப்போது நிக்கோலுக்கு வயது முப்பது. 'இனி அவ்வளவுதான்' என்று பேசத் தொடங்கினார்கள்.

டிசம்பரில் கெய்ரோ. இறுதியாட்டத்தில் எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலீலி, சுற்றிலும் எகிப்திய ரசிகர்கள். மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது ரனீம் 2–1 என முன்னணி. நான்காவது ஆட்டத்தில் 10–6. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ரனீம் உலக வெற்றியாளர். அந்த ஒரு புள்ளியை எடுக்க அவருக்கு நான்கு வாய்ப்புகள் இருந்தன. நான்கையும் நிக்கோல் தடுத்தார். அந்த ஆட்டத்தை 14–12 என்று வென்றார். ஐந்தாவது ஆட்டம் 11–5. எட்டாவது உலகப் பட்டம்!

பட்டியலில் இது வெறும் '2014' என்ற ஓர் எண். ஆனால், பினாங்குத் தோல்வியைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியும். நம் மாணவர்கள் கட்டுரையில் வெற்றிகளை மட்டும் அடுக்குகிறார்கள். தோல்வியை எழுதினால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். தோல்வியை நீக்கிவிட்டால் அடுத்த வெற்றிக்குக் காரணமே இல்லாமல் போகிறது, இல்லையா?

மறு ஆண்டு செப்டம்பரில் அதே ரனீம்தான் நிக்கோலிடமிருந்து முதலிடத்தைப் பெற்றார்.

திறக்காத கதவு

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். ஏன் ஒலிம்பிக் தங்கம் இல்லை? ஸ்குவாஷ் ஒலிம்பிக்கில் இல்லை. அதுதான் பதில். சேர்க்கச் சொல்லிக் கேட்காமல் இருந்தார்களா? கேட்டார்கள்.

2005-இல் சிங்கப்பூரில் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் கூடியது. 2012 லண்டன் போட்டிக்கு ஸ்குவாஷும் கராத்தேயும் பரிசீலிக்கப்பட்டன. தேவையான வாக்குகள் கிடைக்கவில்லை. 2009-இல் கோப்பன்ஹேகனில் கோல்ஃபும் எழுவர் ரக்பியும் உள்ளே போயின. 2013-இல் புவேனஸ் ஐரஸ் கூட்டத்தில் மல்யுத்தம் 49, பேஸ்பால்–சாஃப்ட்பால் 24, ஸ்குவாஷ் 22. மூன்றாவது முறையும் கதவு மூடியது.

ஆண்டுகளைப் பாருங்கள்: 2005, 2009, 2013. நிக்கோலின் உச்சகாலமும் அதே ஆண்டுகள்தாம். அவரே இந்த முயற்சிக்குத் தூதராக உழைத்தவர். ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்குத் தம் உலகப் பட்டங்களையெல்லாம் கொடுத்துவிடத் தயார் என்றும் சொன்னவர். ஒலிம்பிக்கில் இடம்பெறாத விளையாட்டுகளுக்கான உலக விளையாட்டுப் போட்டியில் 2005, 2009, 2013 மூன்றிலும் தங்கம் வென்றார். கதவு சாத்தப்பட்ட அதே மூன்று ஆண்டுகள்!

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய மன்றம், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்க்க ஒப்புதல் அளித்தது. அப்போது நிக்கோல் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்த மாணவன் நினைத்தது இதுதான்: உழைத்தால் எல்லாம் கிடைக்கும், உலக முதல்வருக்கு ஒலிம்பிக் கிடைக்காமல் போகுமா? நாமும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால், உழைப்பு ஒருவர் கையில். வாய்ப்பு பல நேரம் பிறர் வாக்கில். இதைப் பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. வாக்கெடுப்பில் தோற்ற பிறகும் அவர் பயிற்சிக்குப் போனார் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

கைமாறிய ராக்கெட்

2018 ஆகஸ்டு, ஜகார்த்தா ஆசியப் போட்டி. பெண்கள் ஒற்றையர் அரையிறுதியில் நான்கு பேர்: நிக்கோல் டேவிட், கெடா, சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியம், சென்னையில் ஆடி வளர்ந்த ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல். இந்தியர் இருவரும் வெண்கலம் பெற, இறுதியில் மலேசியர் இருவர் மோதினார்கள். நிக்கோல் 3–2 என்று போராடி வென்று ஐந்தாவது ஒற்றையர் தங்கம் பெற்றார். 1998 டிசம்பரில் அவர் முதல் தங்கம் வென்றபோது சிவசங்கரி பிறக்கவே இல்லை. அடுத்த மாதம்தான் பிறந்தார்!

2019-இல் நிக்கோல் ஓய்வு பெற்றார். மொத்தம் 81 தொழில்முறைப் பட்டங்கள். 2021-இல் உலக விளையாட்டுப் போட்டியின் எக்காலத்துக்கும் சிறந்த விளையாட்டாளராக இணைய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிவசங்கரி? 2022-இல் கடுமையான சாலை விபத்தில் சிக்கினார். மீண்டு வந்து 2023-இல் ஹாங்சோவ் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். 2024-இல் லண்டனில் எகிப்தின் ஹனியா எல் ஹம்மாமியை வென்று பெரிய பட்டம் ஒன்றைக் கைப்பற்றினார். நிக்கோலுக்குத் திறக்காத கதவு 2028-இல் திறந்திருக்கும். அதில் நுழைபவர் பெயர் எதுவாக இருந்தாலும், அந்தக் கதவைத் தட்டியவர்களில் ஒருவர் ஜோர்ஜ்டவுன் பெண் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

தேர்வு நோக்கில் காலவரிசை

1983 – ஜோர்ஜ்டவுனில் பிறப்பு
1998 – பேங்காக் ஆசியப் போட்டி, ஒற்றையர் தங்கம்
1999, 2001 – உலக இளையோர் பட்டம்
2000 – தொழில்முறை ஆட்டக்காரர்
2002 – பூசான் ஆசியப் போட்டி, வெள்ளி
2005 – முதல் பிரிட்டிஷ் ஓப்பன், முதல் உலகப் பட்டம்
2006–2015 – தொடர்ந்து 108 மாதங்கள் முதலிடம்
2010, 2014 – காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் (டெல்லி, கிளாஸ்கோ)
2014 டிசம்பர் – எட்டாவது உலகப் பட்டம்
2018 – ஐந்தாவது ஆசிய ஒற்றையர் தங்கம்
2019 – ஓய்வு

உலகப் பட்டங்கள் (8): 2005, 2006, 2008, 2009, 2010, 2011, 2012, 2014
பிரிட்டிஷ் ஓப்பன் (5): 2005, 2006, 2008, 2012, 2014

சிந்தனை வினாக்கள்

1. நிக்கோல் டேவிட்டின் உயர்வுக்கான காரணங்களைக் குடும்பம், வசதி, பயிற்சி, தனிமனித முடிவு என்று வகைப்படுத்தி விளக்குக.
2. 2014-இல் நடந்த இரண்டு உலகப் போட்டிகளையும் ஒப்பிடுக.
3. 'ஒலிம்பிக் பதக்கமே ஒரு விளையாட்டாளரின் பெருமைக்கு அளவுகோல்.' சான்றுகளுடன் ஏற்றோ மறுத்தோ எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாவது வினாவைக் குழுக் கலந்துரையாடலாக நடத்திப் பாருங்கள். மாணவர்கள் ஆண்டுகளையும் எண்களையும் தாங்களாகவே தேடி எடுப்பார்கள். தேர்வு நெருங்குகிறது என்று உடற்கல்விப் பாடவேளையை மட்டும் தயவுசெய்து கடன் வாங்காதீர்கள். புக்கிட் டும்பாரில் ஒரு சிறுமிக்கு ஆடுகளம் திறந்திருந்தது; நம் பள்ளித் திடலையும் பிள்ளைகளுக்குத் திறந்தே வைத்திருப்போம்.

அந்த மாணவி தன் வரியைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள்: "நிக்கோல் டேவிட் ஒலிம்பிக்கில் ஆடியதில்லை. ஆனாலும் ஒன்பது ஆண்டுகள் அவரை யாராலும் முதலிடத்திலிருந்து இறக்க முடியவில்லை." பக்கத்தில் ஒரு சரி போட்டுக் கொடுத்தேன்.